கண்ணாடி மாறினால் கண்ணும் மாறும்

(மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதியது)

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளி நெருங்கிவிட்டால் எங்கள் பகுதிச் சாலைகளில் எங்கு நோக்கினும் நடந்து செல்லும் மக்களைக் காணலாம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்துள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குச் சாத்தூர், சிவகாசி, விருதுநகர், கோவில்பட்டி என நாற்புறத்திலிருந்தும் மஞ்சளாடை உடுத்தி, கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி, இரவென்றும் பகலென்றும் பாராமல் நடந்து வருவார்கள். வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவிலேயே நடப்பர். அவர்களுக்குத் துணை, சாலையோரத்து வெள்ளைக் கோடு ஒன்றே.

ஓர் ஆண்டு அப்பத்தாவின் நேர்த்திக்கடனுக்காக நாங்களும் விருதுநகரிலிருந்து சித்தப்பாவின் காரில் இருக்கன்குடிக்குப் புறப்பட்டோம். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான் ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல் ஒன்று பட்டுக் காரின் முன்கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. சித்தப்பா ஒரு கடையில் புதுக் கண்ணாடி மாட்டி வந்திருந்தார். கண்ணாடி பளபளவென்றிருந்தது. நான்குவழிச் சாலையில் சாத்தூரை நோக்கிச் செல்லும்போது, இடப்புற ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நடந்து கொண்டிருந்தனர். அப்போது ஸ்டியரிங் தானாகவே மெல்ல இடப்புறம் இழுத்தது! சித்தப்பா இறுகப் பிடித்திருந்தபடியால் ஒன்றும் நேரவில்லை. சற்றுத் தூரம் சென்றதும் மறுபடியும் அதே இழுப்பு. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“கண்ணாடியைத்தானே மாத்தினோம்? ஸ்டியரிங்குக்கு என்ன வந்தது?” என்று சித்தி கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

காருக்கும் கண் உண்டு

இன்று விற்பனையாகும் பல கார்களில் ஓட்டுநருக்குத் துணை செய்யும் கருவிகள் உள்ளன. முன்னே செல்லும் வண்டி திடீரென்று நின்றால் எச்சரிப்பதும், ஓட்டுநர் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடுவதும், கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி உள்ளே கொண்டுவருவதும் இவற்றின் வேலை. இவை அனைத்தையும் சேர்த்து ‘ஏடாஸ்’ என்று சுருக்கமாகக் கூறுவர்.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டில் வந்த எம்.ஜி. கிளாஸ்டர், 2021இல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி 700 ஆகிய வண்டிகளுக்குப்பின் இவ்வசதி வேகமாகப் பரவியது. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள மகிந்திராவின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதே எக்ஸ்யூவி 700. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் தயாரிக்கும் வெர்னா போன்ற கார்களின் சில வகைகளிலும் 2023 முதல் இது வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய கார் ஒவ்வொன்றிலும் தானியங்கிப் பிரேக்கும், கோட்டுக்குள் நிறுத்தும் கருவியும் இருந்தே தீரவேண்டும் என்பது சட்டம்.

இக்கருவிகளின் கண், முன்கண்ணாடியின் உட்புறத்தில், பின்னோக்கும் கண்ணாடிக்கு முன்னால் ஒளிந்திருக்கும் சிறிய காமிரா. வெளியே நின்று பார்த்தால், கண்ணாடியின் மேற்பகுதியில் கறுப்புப் பூச்சுக்கு நடுவே சிறு சன்னல் போன்ற இடைவெளி தெரியும். அதன் வழியாகத்தான் காமிரா சாலையைப் பார்க்கிறது. சில கார்களில் ரேடாரும் இதற்குத் துணை நிற்கும். 2022இல் வந்த ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வகை போன்ற கார்களிலோ முன்னே பார்க்கும் பொறுப்பு முழுவதும் காமிரா ஒன்றையே சார்ந்தது.

கண்ணாடிக்கும் கண்ணுக்கும் என்ன உறவு?

காரின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடி அன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. இதற்கு வழிகாட்டியவர் எடுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலார். 1903ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதேயன்றிச் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. அதிலிருந்து பிறந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கு அவர் 1909இல் காப்புரிமை பெற்றார். கல் பட்டும் சித்தப்பாவின் கார்க் கண்ணாடி எங்கள் முகத்தில் தெறிக்காமல் விரிசலோடு நின்றதற்குக் காரணம் இதுவே.

அந்நாட்களில் கண்ணாடிக்குக் காற்றையும் தூசியையும் தடுப்பதே வேலை. இன்றோ அது காமிராவுக்கு மூக்குக்கண்ணாடியாகவும் ஆகிவிட்டது. நம்முள் பலர் புதிதாக மூக்குக்கண்ணாடி அணிந்த முதல் நாளை மறந்திருக்க மாட்டோம். படிக்கட்டு உயர்ந்தும் தாழ்ந்தும் தெரியும்; தரை சாய்ந்தாற்போல் தோன்றும். இரண்டொரு நாளில் நம் மூளை அதற்குப் பழகிக்கொள்ளும். காமிராவுக்குப் பின்னாலுள்ள கணினிக்கோ, ‘உன் பார்வை மாறியிருக்கிறது’ என்று நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டும். அவ்வாறு எடுத்துச் சொல்வதே அளவுத் திருத்தம். ஒர்க்‌ஷாப்பில் இதைக் ‘காலிபரேஷன்’ என்பார்கள்.

பழைய காமிராவையே அதே இடத்தில் திரும்ப மாட்டினால் போதாதா என்ற ஐயம் எழலாம். போதாது. பெரும்பாலான கார்களில் காமிராவைத் தாங்கும் பிடி கண்ணாடியோடு ஒட்டப்பட்டு வருகிறது. கண்ணாடி மாறினால் பிடியும் மாறும். கண்ணாடியை உடலோடு ஒட்டும் பசை ஒரு பக்கம் சற்றுத் தடித்திருக்கலாம். புதுக் கண்ணாடியின் வளைவு முன்னதைவிட மயிரிழை வேறுபடலாம். ஒளிவிலகலும் அதற்கேற்ப மாறும். இவையெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியா. 10 செ.மீ. நீளமுள்ள பிடியின் ஒரு முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும் காமிரா அரைப் பாகைக்கு மேல் திரும்பிவிடும்.

அரைப் பாகையில் என்ன வந்துவிடும்?

பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் படித்தபோது, கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கப்பலைப் பார்க்கும் இறக்கக் கோணக் கணக்கை நாம் செய்திருக்கிறோம். “இதனால் வாழ்க்கையில் என்ன பயன்?” என்று முணுமுணுத்தும் இருக்கிறோம். காமிரா தூரத்தை அறியும் வழிகளுள் ஒன்று அதே கணக்குத்தான், தோழியரே!

காமிரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 40 மீட்டர் தூரத்தில் ஒருவர் நடந்து செல்கிறார். அவருடைய பாதத்தை நோக்கும் இறக்கக் கோணம் ஏறத்தாழ 1.86 பாகை. உயரத்தைக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் 40 மீட்டர் என்னும் விடை வரும். இப்போது காமிரா அரைப் பாகை கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டது. கணினிக்கு அது தெரியாது. படத்தில் அந்த மனிதர் சற்று மேலே தெரிவார். கோணம் 1.36 பாகை என்று கணினி எண்ணிக்கொள்ளும். விடை ஏறத்தாழ 55 மீட்டர்! பக்கத்தில் இருப்பவரை 15 மீட்டர் தள்ளி இருப்பதாக அது நம்பிவிடுகிறது. மாறாக, அரைப் பாகை மேல்நோக்கி நிமிர்ந்துவிட்டால் அவரை ஏறத்தாழ 32 மீட்டரில் இருப்பதாக எண்ணித் தேவையின்றிப் பிரேக் போடக்கூடும். அப்போது பின்னால் வரும் லாரிக்காரர் என்ன செய்வார்?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். 15 மீட்டர் பிழை என்பது ஏறத்தாழ முக்கால் நொடி தாமதம். முக்கால் நொடியில் ஓர் உயிர் பிழைக்கவும் செய்யலாம், போகவும் செய்யலாம்.

பக்கவாட்டுப் பிழையும் இப்படித்தான். காமிரா ஒரு பாகை திரும்பினால், 50 மீட்டர் தொலைவில் அதன் பார்வை ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் விலகும். சாலையோரக் கோட்டுக்கு வெளியே நடப்பவர் அதன் கணக்கில் கோட்டுக்கு உள்ளே இருப்பார். உள்ளே இருப்பவர் வெளியே இருப்பார். காமிரா வலப்புறம் சற்றே திரும்பியிருந்தால், கார் வலப்புறம் விலகுவதாகக் கணினி எண்ணும். உடனே ‘திருத்துகிறேன்’ என்று ஸ்டியரிங்கை இடப்புறம் இழுக்கும். எங்கள் காருக்கு நேர்ந்தது இதுவே. கருவி பழுதாகவில்லை. தனக்குக் காட்டப்பட்ட தவறான காட்சிக்கு அது சரியாகவே கீழ்ப்படிந்தது.

மற்றொன்றையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். எங்கள் காரில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. சில கார்களில் கண்ணாடி மாற்றியதும் விளக்கு எரியும், சிலவற்றில் எரியாது. விளக்கு எரியவில்லை என்பதற்காகப் பார்வை சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாகாது.

சிவகாசி அச்சகம் கற்பிக்கும் பாடம்

அளவுத் திருத்தம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. சிவகாசியில் நாட்காட்டி அச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால்தான் படம் பிறக்கும். தாளின் ஓரத்தில் கூட்டல் குறி போன்ற சிறு அடையாளங்கள் இருக்கும். நான்கு நிறக் குறிகளும் ஒன்றாகப் பொருந்துகின்றனவா என்று அச்சகத்தார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். இம்மியளவு விலகினாலும் படத்திலுள்ள குழந்தைக்கு இரண்டு உதடுகள் முளைத்துவிடும்! பதினாயிரம் தாள் ஓடியபின் பார்த்துப் பயனில்லை. முதல் சில தாள்களிலேயே குறியைப் பார்த்துத் திருத்தவேண்டும். காமிராவுக்கும் அப்படியொரு குறி தேவை. அதை இரண்டு முறைகளில் காட்டுகிறார்கள்.

முதல் முறை, நின்ற இடத்தில் செய்வது. மேடுபள்ளமற்ற தரையில் காரை நிறுத்துவர். டயர்களில் காற்று சரியாக இருக்கவேண்டும். காருக்குள் கூடுதல் சுமை இருக்கலாகாது. காரின் நடுக்கோட்டைக் கயிறு அல்லது லேசர் கொண்டு கண்டறிந்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட தூரத்திலும் உயரத்திலும் ஒரு பலகையை நிறுத்துவர். சதுரங்கக் கட்டம் போன்றோ வேறு வடிவிலோ கறுப்பும் வெள்ளையுமாக அதில் குறிகள் இருக்கும். காரின் சோதனைத் துளையில் ஒரு கணினிக் கருவியை இணைத்து, காமிராவை அப்பலகையைப் பார்க்கச் செய்வர். குறி எங்கே இருக்கவேண்டும், எங்கே தெரிகிறது என்று ஒப்பிட்டு, வேறுபாட்டைக் காமிராவின் கணினி நினைவில் பதித்துக்கொள்ளும். அறையில் வெளிச்சம் சீராக இருக்கவேண்டும். சன்னல் வெயில் பலகைமேல் விழுந்தாலும் வேலை கெடும்.

இரண்டாம் முறை, ஓட்டிச் செய்வது. கருவியை இணைத்துக்கொண்டு, கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில், குறிப்பிட்ட வேகத்தில் சிறிது தூரம் ஓட்டுவர். சாத்தூர் ரயில் நிலையத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தால் இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தோன்றுமல்லவா? சாலைக் கோடுகளும் அவ்வாறே ஒரு புள்ளியில் சேர்வதாகக் காமிராவுக்குத் தெரியும். நேராகச் செல்லும்போது அப்புள்ளி எங்கே விழுகிறது என்பதைக்கொண்டு தன் கோணத்தை அது அறிந்துகொள்ளும். கோடு அழிந்த கிராமச் சாலையிலும், கொட்டும் மழையிலும், நெரிசலிலும் இதைச் செய்ய இயலாது. நம் பகுதியில் காசுமீரம் முதல் கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இதற்கு ஏற்றது.

சில கார்களுக்கு முதல் முறை, சிலவற்றிற்கு இரண்டாம் முறை, வேறு சிலவற்றிற்கு இரண்டுமே தேவை. சில காமிராக்கள் ஓடும்போதே சிறு பிழைகளைத் தாமாகத் திருத்திக்கொள்ளும். ஆயினும் அது நாளடைவில் ஏற்படும் சிறு மாற்றங்களுக்கு உரியதேயன்றி, கண்ணாடியையே மாற்றியபின் செய்யவேண்டிய திருத்தத்திற்கு ஈடாகாது. எது தேவை என்பதை அந்தக் காரைத் தயாரித்தவரின் கையேடே கூறவேண்டும். கடைக்காரரின் அனுமானம் கூறலாகாது.

பெற்றோர் கவனத்திற்கு

சித்தப்பாவின் அனுபவத்திலிருந்தும், பின்னர் அவர் சென்ற சர்வீஸ் நிலையத்தில் கேட்டறிந்தவற்றிலிருந்தும் சில குறிப்புகளைத் தருகிறேன்.

1. கண்ணாடி மாற்றக் கொடுக்கும் முன்பே, “இந்தக் காரில் காமிரா இருக்கிறது. அளவுத் திருத்தம் செய்வீர்களா?” என்று கேட்கவேண்டும். தங்களிடம் வசதி இல்லையென்றால், எங்கே செய்வது என்பதையும் அப்போதே முடிவு செய்யவேண்டும்.

2. ஒரே பெயருள்ள காரில் காமிரா உள்ள வகையும் உண்டு, இல்லாத வகையும் உண்டு. இரண்டிற்கும் கண்ணாடி வேறு. விலை குறைவு என்று மாற்றுக் கண்ணாடியைப் பொருத்தலாகாது.

3. ஒட்டிய பசை இறுகக் குறிப்பிட்ட நேரம் தேவை. அதற்குமுன் காரை எடுக்க அவசரப்படலாகாது. விபத்தில் காற்றுப்பை விரியும்போதும், வண்டி கவிழும்போதும் முன்கண்ணாடி தன் இடத்தில் நிற்பது அப்பசையினால்தான்.

4. வேலை முடிந்ததும் திருத்தம் வெற்றி பெற்றதற்கான அச்சிட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கவேண்டும். “எல்லாம் சரியாயிருக்கு” என்ற வாய்ச்சொல் போதாது.

5. காப்பீட்டு இழப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பது போலக் கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. ஆனால் அளவுத் திருத்தக் கட்டணம் அதில் சேருமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

6. கண்ணாடி மாற்றும்போது மட்டுமன்றி, காமிராவைக் கழற்றி மாட்டினாலும், மோதலுக்குப்பின் பழுது பார்த்தாலும், காரின் உயரம் மாறும்படி சஸ்பென்ஷனில் வேலை செய்தாலும் திருத்தம் தேவைப்படலாம். சக்கரக் கோணம் சரிசெய்த பின்பும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

7. காமிராவின் சன்னலை மறைக்கலாகாது. ஆயுத பூசையன்று கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். சாமி படமும் ஒட்டுகிறோம். அவற்றைக் கீழ் ஓரத்தில் வைத்துக்கொள்வோம். டேஷ்போர்டின்மேல் பளபளக்கும் பொருள்களையும் வெள்ளைத் துணியையும் பரப்பினால், அவற்றின் நிழலுரு கண்ணாடியில் பட்டுக் காமிராவைக் குழப்பும்.

8. சித்திரை வெயிலில் நெடுநேரம் நின்ற காரில் காமிரா சூடாகித் தற்காலிகமாக வேலையை நிறுத்திக்கொள்வதுண்டு. உள்ளே குளிர்ந்ததும் மீளும். அதைப் பழுது என்று எண்ணி அஞ்சவேண்டாம்.

எண்ணிப் பார்ப்போம்

கண்ணாடி மாற்றியவர் கண்ணாடியை ஒழுங்காகத்தான் மாட்டினார். சொட்டு நீரும் கசியவில்லை. பணம் கொடுத்தவரும் சரியாகத்தான் கொடுத்தார். இருவருமே கேட்க மறந்தது ஒரே ஒரு கேள்வியை. அந்த மறதிக்கான விலையைக் கொடுக்க நேர்ந்திருந்தால், கொடுத்திருக்கக் கூடியவர்கள் அவ்விருவருள் எவரும் அல்லர். காருக்கும் காமிராவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல், செருப்பின்றி ஓரத்தில் நடந்து கொண்டிருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரே. அவர்களுள் முன்னே சென்ற பெண்ணின் தோளில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

குருடன் கோலூன்றித் தடவி நடப்பான், ஆகவே விழமாட்டான். பார்வை பிசகியும் பிசகவில்லை என்று நம்புகிறவனோ விரைந்து நடப்பான். கருவிகளுக்கும் இது பொருந்தும். காமிரா இல்லாத காரை ஓட்டுபவர் தம் கண்ணை நம்பி விழிப்போடு ஓட்டுவார். காமிரா உள்ள காரை ஓட்டுபவர், ‘அது பார்த்துக்கொள்ளும்’ என்று சற்றே அயர்வார். அந்த அயர்வும் அரைப் பாகைப் பிழையும் ஒருநாள் ஒரே இடத்தில் சந்தித்தால்? கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. திருத்தம் செய்த கருவியே ஆனாலும் அது துணைதான், பொறுப்பு ஓட்டுபவருடையதே.

சித்தப்பா அன்று ஓரங்கட்டியதும் அந்த வசதியைப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, இருக்கன்குடி வரை மெதுவாகவே ஓட்டினார். மறுவாரம் சர்வீஸ் நிலையத்தில் பலகை வைத்து அளவுத் திருத்தம் செய்தனர். அதன்பின் ஸ்டியரிங் தானாக இழுக்கவில்லை.

தோழியரே, உங்கள் வீட்டிலோ உறவிலோ யாரேனும் காரின் முன்கண்ணாடியை மாற்றினால், “கண்ணாடி நன்றாயிருக்கிறது” என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். “காமிராவுக்கு அளவு பார்த்தாயிற்றா?” என்று கேளுங்கள். பெரியவர்கள் மறந்ததைச் சிறியவர்கள் கேட்பதில் தவறில்லை. அடுத்த ஆடியிலும் அந்த வெள்ளைக் கோட்டின் ஓரமாக மக்கள் நடப்பார்கள்.